கியர் பாக்ஸ் சூட்டு விளக்கு எரிந்தால்

கார்த்திகை மாதத்துக் காலை. சங்கரன்கோவிலில் மாலை போட்டுக் கிளம்பிய ஒரு குடும்பத்தின் ஆட்டோமேட்டிக் கார், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை எல்லாம் தாண்டி, புளியரை எஸ் வளைவில் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் கேரளத்துக்குப் பாரம் ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. வரிசை பத்தடி நகரும், நிற்கும். மறுபடி பத்தடி நகரும். காருக்குள் ஏழு பேர், கூரையில் மூட்டைகள், ஏ.சி. முழு வேகத்தில். அங்கிருந்து எனக்குப் போன் வந்தது.

"அண்ணாச்சி, மீட்டர்ல பல்சக்கரம் மாதிரி ஒண்ணு சிவப்பா எரியுது. வண்டிய ஆஃப் பண்ணிரட்டா?"

"ஆஃப் பண்ணாதீங்க சாமி. ஓரமா ஒதுக்குங்க. பி-ல போட்டு ஹேண்ட் பிரேக்கப் போடுங்க, ஏ.சி.ய அமத்துங்க. எஞ்சின் ஓடட்டும். அடியில ஆயில் எதுவும் சொட்டுதான்னு மட்டும் குனிஞ்சு பாருங்க."

எதுவும் சொட்டவில்லை. இருபது நிமிடத்தில் விளக்கு அணைந்தது. அவர்கள் மலைக்குப் போய்த் தரிசனம் முடித்து ஊர் திரும்பினார்கள். வந்ததும் வேறொரு பட்டறையில் வண்டியைக் காட்ட, "கியர் பாக்ஸை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். இறக்கினால் செலவு லட்சத்தைத் தொடும். உண்மையில் அந்தக் கியர் பாக்ஸில் எந்தப் பழுதும் இல்லை. கோளாறு எங்கே இருந்தது என்பதை இந்த அத்தியாயத்தின் நடுவில் சொல்கிறேன்.

சூட்டு விளக்கு ஒரு சேதியைத்தான் சொல்கிறது: கியர் பாக்ஸ் சூடாகிவிட்டது. அது பழுதாகிவிட்டது என்று விளக்கு சொல்லவில்லை. காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் நோயாளியை அறுவைக் கூடத்துக்கு அனுப்பும் வைத்தியர் யாருமில்லை. வண்டிக்கும் அதே நிதானம் வேண்டும். காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் பார்ப்பது, கியர் பாக்ஸைத் திறப்பதைக் கடைசிக்கு வைப்பது. இந்த அத்தியாயம் அந்த வரிசையில் நடக்கிறது.

1. எரிவது எந்த விளக்கு?

இரண்டு விளக்குகளைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அலை அலையான தண்ணீரில் தெர்மாமீட்டர் நிற்பது போன்ற படம் எஞ்சின் கூலண்டின் சூட்டைக் காட்டுவது. பல்சக்கரத்துக்குள் தெர்மாமீட்டரோ ஆச்சரியக்குறியோ இருந்தால் அது கியர் பாக்ஸைப் பற்றியது. டொயோட்டாவின் பெரிய வண்டிகள் சிலவற்றில் படத்துக்குப் பதிலாக 'ஏ.டி. ஆயில் டெம்ப்' என்ற எழுத்தே எரியும். ஹூண்டாய், கியா நிறுவனங்களின் டி.சி.டி. (இரட்டைக் கிளட்ச்) வண்டிகளில் கியர் பாக்ஸ் சூடு மிகுந்துவிட்டது, பாதுகாப்பாக நிறுத்துங்கள் என்ற பொருளில் ஆங்கில வாசகம் திரையில் வரும். ஆறியதும் ஓட்டலாம் என்ற வாசகமும் வரும்.

நிறத்தையும் கவனியுங்கள். மஞ்சள் என்றால் ஓட்டுவதை மாற்று என்று பொருள். வேகத்தையும் பாரத்தையும் குறைத்து அடுத்த நல்ல இடத்தில் நிற்கலாம். சிவப்பு என்றால் இப்போதே நில். பல்சக்கரமும் கூலண்ட் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அது வேறு கதை. அடுத்த பகுதியில் அதற்கும் வழி இருக்கிறது.

2. முதல் இருபது நிமிடம்

ஒன்று: சமதளமாக, அகலமான ஓரமாகப் பார்த்து ஒதுக்குங்கள். மலைப்பாதை வளைவில் நிற்க வேண்டாம். நான்கு பக்க இண்டிகேட்டரையும் போடுங்கள்.

இரண்டு: பி-யில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். டி-யிலேயே வைத்துப் பிரேக்கை மிதித்து நின்றால் கியர் பாக்ஸுக்கு ஓய்வு கிடைக்காது.

மூன்று: எஞ்சினை ஓடவிடுங்கள். எண்ணெயில் இயங்கும் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பம்பைச் சுற்றுவது எஞ்சின்தான். எஞ்சின் நின்றால் பம்பு நிற்கும். சூடான எண்ணெய் கூலருக்குப் போகாமல் உள்ளேயே தேங்கும். ஆனால் எல்லா வண்டிக்கும் இது ஒன்றுபோல் இல்லை. சில வண்டிகளின் கையேடு எஞ்சினை அணைக்கச் சொல்லும். இதைப் படித்து முடித்ததும் உங்கள் காரின் கையேட்டை எடுத்து, எச்சரிக்கை விளக்குகள் பகுதியில் அந்த வரியைத் தேடிப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் அந்தக் கோடு உதவும்.

நான்கு: ஏ.சி.யை நிறுத்துங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சர் தன் சூட்டை அதன் மேல்தான் தள்ளுகிறது.

ஐந்து: அடியில் குனிந்து பாருங்கள். சிவப்பாகவோ பழுப்பாகவோ எண்ணெய் சொட்டினால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். கூலண்ட் விளக்கும் எரிந்தாலோ, நீராவி வந்தாலோ, புகை கிளம்பினாலோ அப்போதும் அணைக்க வேண்டியதுதான். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலண்ட் முகத்தில் பீச்சியடிக்கும்.

ஆறு: சூடான கியர் பாக்ஸ் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அலுமினிய உறை திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடலாம்.

விளக்கு அணைந்தால் மெதுவாகக் கிளம்பலாம். அரை மணி நேரம் ஆகியும் அணையவில்லை, அல்லது கிளம்பிய சில கிலோமீட்டரிலேயே மறுபடி எரிகிறது என்றால் ஓட்ட வேண்டாம். வண்டியை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் ரெக்கவரி லாரியைக் கூப்பிடுங்கள். நம் பக்கத்தில் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவந்துவிடும் வழக்கம் உண்டு. மேனுவல் வண்டியை நியூட்ரலில் போட்டு அப்படி இழுக்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சின் நின்றிருக்க, எஞ்சினோடு இணைந்த சக்கரம் தரையில் உருண்டால், உள்ளே பம்பு ஓடாது. எண்ணெய் பரவாமல் உறுப்புகள் உரசிக்கொண்டே சுற்றும். மலையில் சூடாகி மட்டும் நின்ற கியர் பாக்ஸை, ஊர் வந்து சேர்வதற்குள் அந்தக் கயிறு கெடுத்துவிடும்.

3. உங்கள் கியர் பாக்ஸ் எந்த வகை?

'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வகை இருக்கின்றன. நான்கும் சூடாகும் விதம் வேறு. வகை தெரியாமல் காரணம் தேட முடியாது.

டார்க் கன்வெர்டர் வகை: டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் போன்றவை. எஞ்சினுக்கும் கியருக்கும் இடையே எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. ஒரு மின்விசிறியை ஓடவிட்டு அதன் எதிரே ஓடாத விசிறியை வைத்தால், காற்று பட்டு அதுவும் சுற்றும். அந்தக் காற்றின் வேலையை இங்கே எண்ணெய் செய்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் கப்பலுக்காகக் கண்ட வழி இது. இரண்டு விசிறிகளின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் எண்ணெயில் சூடாக இறங்கும். ஏற்றத்தில் ஊர்ந்தால் அந்த வித்தியாசம் மிக அதிகம். சமதளத்தில் வேகம் பிடித்ததும் 'லாக்-அப்' கிளட்ச் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும், சூடு தணியும்.

சி.வி.டி. வகை: ஹோண்டா சிட்டி, ஒரகடத்தில் உருவாகி 2020 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிஸான் மேக்னைட் போன்றவை. இரண்டு புல்லிகளுக்கு நடுவே எஃகுப் பட்டை ஓடுகிறது. எண்ணெய் அழுத்தம் புல்லியை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். நீண்ட ஏற்றத்தில் முழு மிதி மிதித்தால் சூடாகும். சூடானால் கம்ப்யூட்டர் எஞ்சினின் விசையைக் குறைக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தும் வேகம் ஏறாது. வண்டி இழுக்கவில்லை என்று மேலும் மிதிப்பது தவறு. அது தன்னைக் காத்துக்கொள்கிறது.

டி.சி.டி. வகை: 2019-இல் வந்த ஹூண்டாய் வென்யூ, கியா செல்டாஸ், ஃபோக்ஸ்வாகனின் டி.எஸ்.ஜி. வண்டிகள். இரண்டு கிளட்ச், இரட்டை வேலை. நம் சாலைகளில் ஓடும் இந்த வகைச் சிறு கார்கள் பலவற்றில் கிளட்ச் உலர்ந்த வகை. எண்ணெயில் நனைவதில்லை, காற்றில்தான் ஆற வேண்டும். ஊர்ந்து போகும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கும். இந்த வகையில் விளக்கு எரிய எண்ணெய் காரணமாக இருப்பது அபூர்வம். ஓட்டுபவரின் கால்தான் பெரும்பாலும் காரணம்.

ஏ.எம்.டி. வகை: 2014-இல் மாருதி செலேரியோவோடு இந்தியாவில் பரவத் தொடங்கியது. இது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்சை நம் காலுக்குப் பதில் ஓர் இயந்திரக் கை மிதிக்கிறது. சூடானால் கிளட்ச் பிளேட் கருகும் வாடை வரும். சில வண்டிகளில் எச்சரிக்கை ஒலியும் கேட்கும்.

4. மூன்று கேள்விகள்

வகை தெரிந்ததும் மூன்றே கேள்விகள். சூடு அளவுக்கு மேல் உண்டாகிறதா? உண்டான சூடு வெளியேறாமல் அடைபடுகிறதா? அல்லது சூடே இல்லாமல் அளவுக் கருவி பொய் சொல்கிறதா? எந்தக் காரணமும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் வந்துவிடும்.

5. முதல் கேள்வி: சூடு மிகுதியாக உண்டாகிறதா?

விளக்கு எரிந்த நேரத்தில் உங்கள் கால் எங்கே இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் இருக்கச் சிலர் ஆக்சிலேட்டரை இலேசாக மிதித்துப் பிடித்து நிற்பார்கள். மேனுவல் வண்டியில் அரைக் கிளட்சில் நிற்பதற்குச் சமம் இது. டி.சி.டி., ஏ.எம்.டி. வண்டிகளில் ஒன்றிரண்டு நிமிடம் போதும், கிளட்ச் கொதித்துவிடும். நிற்பதற்குப் பிரேக், நகர்வதற்கு ஆக்சிலேட்டர். இரண்டுக்கும் நடுவில் வேறு நிலை கிடையாது. எச்சரிக்கை எரிந்த டி.சி.டி. வண்டியில் இந்தப் பழக்கத்தை மட்டும் மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். விளக்கு திரும்ப வராவிட்டால் தேடல் அங்கேயே முடிந்தது.

பாரத்தையும் கணக்கிடுங்கள். ஐந்து பேர் வண்டியில் எட்டுப் பேர், கூரையில் சாமான், காற்று குறைந்த டயர் எல்லாம் சேர்ந்தால் கியர் பாக்ஸ் இரண்டு வண்டியை இழுப்பது போலத்தான். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பத்துக் கிலோமீட்டர் சமதளத்தில் அதிகம் பிரேக் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் ரிம்முக்கும் அருகே உள்ளங்கையைக் காட்டுங்கள்; தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடவில்லை. கியர் பாக்ஸ் நாள்முழுதும் அந்தப் பிரேக்கோடு மல்லுக்கட்டுகிறது.

டார்க் கன்வெர்டர் வண்டியில் லாக்-அப் வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் இடையே உள்ள நான்கு வழிச் சாலை போன்ற நேரான சாலையில், பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, ஒரே சீராக 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். ஆக்சிலேட்டரை அசைக்காமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பிரேக்கைத் தொடுங்கள். ஆர்.பி.எம். முள் சட்டென்று சற்று மேலே போய், காலை எடுத்ததும் இறங்கினால் லாக்-அப் பூட்டுகிறது, திறக்கிறது என்று பொருள். முள் அசையவே இல்லையென்றால் பூட்டே விழவில்லை என்று சந்தேகிக்கலாம். இடது காலுக்குப் பழக்கமில்லாதவர்கள் இதைத் தனியே செய்ய வேண்டாம். அனுபவமுள்ள மெக்கானிக்கை ஓட்டவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து முள்ளை நீங்கள் பாருங்கள்.

6. இரண்டாம் கேள்வி: சூடு வெளியேறாமல் அடைபடுகிறதா?

எண்ணெயில் ஓடும் கியர் பாக்ஸின் சூடு இரண்டு வழிகளில் ஒன்றில் வெளியேறுகிறது. ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளோ கியர் பாக்ஸின் மேலோ இருக்கும் கூலரில் எண்ணெய் தன் சூட்டைக் கூலண்டிடம் ஒப்படைக்கும். அல்லது பம்பருக்குப் பின்னால் தனியாக நிற்கும் சிறு கூலரில் நேரே காற்றிடம் கொடுக்கும். எந்த வழியானாலும் கடைசியில் காற்று புகுந்து வெளியேற வேண்டும்.

முதலில் சொன்ன குடும்பத்தின் வண்டிக்கு இப்போது வருவோம். முன்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தபோது சுத்தமாகத்தான் இருந்தது. வாரம் ஒருமுறை வாட்டர் வாஷ் செய்த வண்டி. ஆனால் முன்னால் தெரிவது ஏ.சி. கண்டென்சர், அதன் பின்னால்தான் ரேடியேட்டர். இரண்டுக்கும் நடுவில் விரல் அளவு இடைவெளி. மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி அந்த இடைவெளிக்குள் ஒளியைச் செலுத்தியபோது, பஞ்சும் தூசியும் பூச்சி இறகும் சேர்ந்து ரேடியேட்டரின் மேல் கம்பளி போலப் படிந்திருந்தது. அந்த வீட்டு வாசலுக்கு எதிரே விசைத்தறிக் கூடம். நூலிலிருந்து உதிரும் பஞ்சை ஃபேன் இழுத்து இழுத்துச் சேர்த்திருக்கிறது. கண்டென்சரின் பிடிகளைத் தளர்த்தி முன்னால் நகர்த்தி, மென்மையான தூரிகையாலும் குறைந்த அழுத்தத் தண்ணீராலும் கழுவியதோடு வேலை முடிந்தது. அடுத்த வருடமும் அதே வண்டி அதே ஏற்றத்தில் ஏறியது; விளக்கு எரியவில்லை.

தறிப் பஞ்சு இல்லாத தெருவிலும் தூசிக்குக் குறைவில்லை. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கழுகுமலை, கோவில்பட்டிப் பக்கம் கரிசல் புழுதி, மேற்கே செம்மண். ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கும் மாதங்களில், அம்மியும் பறக்கும் என்று சொல்லப்படும் ஆடிக் காற்றில், அது எல்லாமே வண்டியின் முகத்தில்தான் வந்து அடிக்கிறது. ஆகவே வைகாசி முடிவதற்குள் ஒருமுறையும், ஆடி முடிந்து ஒருமுறையும் அந்த இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் பம்பு வேண்டாம். மெல்லிய அலுமினிய இதழ்கள் மடிந்து நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டால் அழுக்கு வந்த வழியே வெளியேறும்.

அடுத்தது ஃபேன். எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள். சற்று நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். பல வண்டிகளில் ஃபேனுக்கு இரண்டு வேகம் உண்டு. அதிவேகம் மட்டும் செத்துப்போயிருந்தால் ஊருக்குள் ஒன்றும் தெரியாது, மலையில்தான் தெரியும். ஸ்கேனர் வழியாக இரண்டு வேகத்தையும் இயக்கிப் பார்க்கச் சொல்லலாம்.

பிறகு கூலண்ட். குறைந்தபோதெல்லாம் போர்வெல் தண்ணீரை ஊற்றிய வண்டிகளை நிறையப் பார்க்கிறேன். நம் உப்புத் தண்ணீர் பானையில் காறை கட்டுவது போலவே ரேடியேட்டருக்குள்ளும் கட்டும். காறை சூட்டைக் கடத்தாது. எஞ்சினோடு சேர்ந்து கியர் பாக்ஸும் தவிக்கும். கையேட்டில் சொன்ன கூலண்ட் மட்டும் ஊற்றுங்கள். அவசரத்துக்குக் காய்ச்சி வடித்த நீர் பரவாயில்லை.

தனிக் கூலர் உள்ள வண்டியில் ஒரு சின்னச் சோதனை: வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, தெர்மல் கன் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கூலருக்குள் போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் அளக்கச் சொல்லுங்கள். திரும்பும் குழாய் தெளிவாகக் குளிர்ந்திருந்தால் கூலர் உழைக்கிறது. இரண்டும் ஒரே சூடாக இருந்தால் கூலருக்குக் காற்று போகவில்லை. ஒன்று கொதித்து மற்றது வெறுமனே வெதுவெதுப்பாக இருந்தால் எண்ணெயே ஓடவில்லை, உள்ளே அடைப்பு இருக்கலாம்.

7. மூன்றாம் கேள்வி: அளவுக் கருவி பொய் சொல்கிறதா?

கியர் பாக்ஸ் எண்ணெயின் சூட்டை அளக்கும் சென்சார் ஓர் எளிய பொருள். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். கம்ப்யூட்டர் அந்தத் தடையைப் படித்து டிகிரியாக மாற்றுகிறது. அதன் வயர் உராய்ந்து பாடியைத் தொட்டுவிட்டால் தடை போய்விடும்; கம்ப்யூட்டர் 'பயங்கரச் சூடு' என்று படிக்கும். வயர் அறுந்துவிட்டால் 'உறைபனிக் குளிர்' என்று படிக்கும். எலி கடித்த ஒரு வயர் சூட்டு விளக்கை எரியவைக்கலாம்.

கண்டுபிடிக்க விடியற்காலைதான் நல்ல நேரம். இரவு முழுவதும் நின்ற வண்டி. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போடுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை ஓ.பி.டி. சாக்கெட்டில் ஸ்கேனரைப் பொருத்தி மூன்று அளவுகளைப் படியுங்கள்: எஞ்சின் கூலண்ட், உள்ளே வரும் காற்று, கியர் பாக்ஸ் எண்ணெய். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். 27, 27, 28 என்பதுபோல. மற்ற இரண்டும் 27 காட்ட, எண்ணெய் மட்டும் 95 என்றோ, பூஜ்யத்துக்குக் கீழே 40 என்றோ காட்டினால் கோளாறு சென்சாரிலோ வயரிலோதான். மூன்றும் ஒத்திருந்தால் ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் மெதுவாகத்தான் சூடேறும். ஒரே நொடியில் 60-இலிருந்து 120-க்குத் தாவினால் அது எண்ணெயின் வேலை இல்லை. எங்கோ கனெக்டர் ஆடுகிறது.

ஸ்கேனர் காட்டும் பிழை எண்களில் ('கோடு' என்பார்கள்) சிலவற்றைத் தெரிந்துகொண்டால் பட்டறையில் பேச எளிது. பி0218 என்றால் எண்ணெய் அளவுக்கு மேல் சூடானது பதிவாகியிருக்கிறது. பி0710 முதல் பி0714 வரை சென்சாரையும் அதன் வயரையும் பற்றியவை. இவற்றில் பி0712 சிக்னல் மிகத் தாழ்ந்ததையும், பி0713 மிக உயர்ந்ததையும், பி0714 விட்டுவிட்டு வருவதையும் சொல்கின்றன. பி0741 வந்தால் லாக்-அப் பூட்டவில்லை. மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பல எஞ்சினை மட்டுமே படிக்கும். கியர் பாக்ஸின் கம்ப்யூட்டரைப் படிக்க அந்தந்த நிறுவனத்துக்கு ஏற்ற கருவி தேவைப்படலாம். 'கோடு எதுவும் இல்லை' என்று யாராவது சொன்னால், கியர் பாக்ஸ் பகுதியையும் படித்தீர்களா என்று கேளுங்கள்.

உலர் கிளட்ச் வண்டிகளுக்கு ஒரு விலக்கு. அவற்றில் பலவும் கிளட்சின் சூட்டை நேரே அளப்பதில்லை; எவ்வளவு நேரம், எவ்வளவு உரசியது என்று கணக்குப் போட்டு ஊகிக்கின்றன. அங்கே சென்சாரை மாற்றுவதால் விடிவு வராது.

8. எண்ணெய் சொல்லும் சேதி

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தால்தான் எண்ணெயைப் பார்க்க வேண்டும். அளவு குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். கூடினால் சுழலும் உறுப்புகள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரை சூட்டைத் தாங்காது. குறைவும் கூடுதலும் ஒரே விளக்கைத்தான் எரியவைக்கும்.

இன்றைய வண்டிகள் பலவற்றில் கியர் பாக்ஸுக்கு டிப்ஸ்டிக் கிடையாது. வண்டியைச் சமமாகத் தூக்கி, எஞ்சின் ஓட, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் ஒரு திருகைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். அந்தச் சூட்டைப் பார்க்காமல் அளந்தால் அளவு தப்பும். இதைச் செய்யும் பட்டறையில் ஸ்கேனர் பொருத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியே வரும் எண்ணெயை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். தெளிவான சிவப்பு நல்லது, சில சி.வி.டி. எண்ணெய்கள் வேறு நிறத்திலும் வரும். கரும்பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் எண்ணெய் வெந்து போயிருக்கிறது. பால் கலந்த ரோஸ்மில்க் போல இருந்தால் ரேடியேட்டருக்குள் கூலண்டும் எண்ணெயும் கலந்துவிட்டன. வண்டியை ஓட்டவே கூடாது, தண்ணீர் பட்ட கிளட்ச் தகடுகளின் ஒட்டுப்பொருள் உரிந்துவிடும். விரலில் தேய்க்கும்போது மினுமினுக்கும் துகள் நிறைய இருந்தால், அப்போதுதான் கியர் பாக்ஸை இறக்கும் பேச்சு நியாயமானது.

சூடு எண்ணெயை எப்படித் தின்கிறது என்பதற்குக் கியர் பாக்ஸ் தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. எண்ணெய் சுமார் 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் இயல்பாக ஓடும். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும். 115 டிகிரியை ஒட்டி உள்ளே பிசின் படியத் தொடங்கும். 125-ஐத் தாண்டினால் ரப்பர் சீல்கள் இறுகும். 145-ஐத் தாண்டினால் கிளட்ச் தகடுகள் வழுக்கும். ஒருநாள் விளக்கு எரிந்து அணைந்ததால் கியர் பாக்ஸ் போய்விடாது. ஆனால் எண்ணெயின் ஆயுளில் ஒரு பகுதி போய்விட்டது. சிவப்பு விளக்கு எரிந்த வண்டிக்கு, காரணத்தைச் சரிசெய்த பின், குறித்த கெடுவுக்கு முன்பே எண்ணெய் மாற்றிவிடுவது நல்லது.

'வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை' என்று சொல்லப்படும் எண்ணெய்க்கும் கையேட்டின் 'கடுமையான பயன்பாடு' அட்டவணையில் கெடு இருக்கிறதா என்று பாருங்கள். மலை, வெயில், பாரம், ஊர்தல் எல்லாம் கடுமையான பயன்பாடுதான். நம் வண்டிகளுக்கு அந்த அட்டவணைதான் பொருந்தும். கையேட்டில் சொன்ன வகை எண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும். சி.வி.டி.யில் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் எண்ணெயை (ஏ.டி.எஃப்.) ஊற்றினால் எஃகுப் பட்டையின் பிடி வழுக்கிவிடும்.

9. பட்டறையில் கேட்க வேண்டியவை

மரியாதையாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள். அண்ணே, கோடு என்ன வந்தது, எழுதித் தர முடியுமா? விடியற்காலையில் மூன்று அளவும் ஒத்திருந்ததா? கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பார்த்தீர்களா? ஃபேனின் இரண்டு வேகமும் ஓடுகிறதா? எண்ணெய் என்ன நிறம், காட்டுங்கள். இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் அது கவனமான பட்டறை. அவர்கள் இறக்க வேண்டும் என்று சொன்னால் நம்பலாம். ஒன்றுக்கும் பதில் இல்லாமல் இறக்கச் சொன்னால், வண்டியை இன்னொருவரிடம் காட்டுங்கள். வாரண்டி இருக்கும் வண்டியை வெளிப் பட்டறையில் திறக்கவிடாதீர்கள்.

10. நம் சாலைகளில் சூட்டைத் தவிர்க்க

புளியரை ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஒட்டி ஊராதீர்கள். நாற்பது, ஐம்பது அடி விட்டுப் பிரேக்கில் நின்று, இடைவெளி சேர்ந்ததும் ஒரே மூச்சில் நகர்ந்து மறுபடி நில்லுங்கள். இருபது முறை உரசுவதற்குப் பதில் நான்கு முறை உரசினால் கிளட்சுக்கு அது பெரிய ஓய்வு. மேனுவல் மோடு இருந்தால் முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ பிடித்து ஏறுங்கள்.

ஆடித் தபசு நாளில் சங்கரன்கோவிலில் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும், குற்றாலச் சீசனில் அருவிக்குப் போகும் வழியிலும் வண்டி ஒரு மணி நேரம் ஊரும். நிற்கும் நேரம் நீண்டால் பி-யில் போட்டுவிடுங்கள். முடிந்தால் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்; ஆடிக் கூட்டத்தில் கார் முன்னே போவதும் இல்லை.

கடைசியாக ஒரு பழக்கம். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டிவையுங்கள். விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் நான்கு விவரம் எழுதுங்கள்: எந்த இடம், எத்தனை பேர் இருந்தோம், அதற்கு முந்தைய பத்து நிமிடம் எப்படி ஓட்டினோம், எத்தனை நிமிடத்தில் அணைந்தது. மலையில் மட்டும் எரிந்தால் உங்கள் கால் பழக்கத்தையோ காற்று போகும் வழியையோ பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததுமே எரிந்தால் வயரைப் பாருங்கள். சமதளத்தில், ஆள் இல்லாமல், சீராக ஓடும்போதே எரிந்தால் எண்ணெயையும் லாக்-அப்பையும் பாருங்கள். புளியரையிலிருந்து போன் செய்த அந்தக் குடும்பம் இப்போது அப்படி ஒரு தாள் வைத்திருக்கிறது. முதல் வரியில் தேதியும் 'எஸ் வளைவு, 7 பேர், 20 நிமிடம்' என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது வரி இன்னும் காலியாக இருக்கிறது.